நுரையிலிருந்து நாவுக்கு: பொடித்தேயிலைப் பந்தயங்களின் வரலாறு

நிழலில் வளர்த்த தேயிலையை ஆவியில் வாட்டி, உருட்டாமல் உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கிக் கல் திருகையில் மாவாக அரைத்துப் பெறும் மட்சா, இன்று ஜப்பானியத் தேநீர்ச் சடங்கின் அமைதியோடு சேர்த்தே எண்ணப்படுகிறது. ஆயினும் அதன் சுவையைத் தீர்மானித்ததில் அந்த அமைதிக்கு முற்பட்ட இரைச்சலான கூட்டங்களுக்குப் பெரும் பங்குண்டு. பல தேயிலைகளை அடுத்தடுத்துக் கலக்கிக் குடித்து, ஒப்பிட்டு, பந்தயமும் கட்டிய அக்கூட்டங்களின் மரபு சீனாவிலிருந்து ஜப்பானுக்குச் சென்றபோது, தேநீரை மதிப்பிடும் பொறுப்பு கண்ணிடமிருந்து நாவிடம் சென்றது. மட்சாவின் வரலாற்றில் இதைவிட முக்கியமான திருப்பம் வேறில்லை.

சோங் பேரரசுக் காலத்துச் (960–1279) சீனாவில், ஃபூஜியான் பகுதியைச் சேர்ந்த ஜியான்ஆன் வட்டாரம் தேநீர்ப் போட்டிகளுக்குப் பெயர்பெற்றிருந்தது. அங்கே தேயிலையை ஆவியில் வேகவைத்துச் சாற்றைப் பிழிந்தெடுத்து, அரைத்து, அச்சிலிட்டு வில்லைகளாகக் காயவைத்தனர். குடிக்கும் வேளையில் வில்லையை இடித்துப் பொடியாக்கிச் சலித்து, சூடாக்கிய கிண்ணத்தில் இட்டு, வெந்நீர் ஊற்றி அடித்து நுரைக்கச் செய்தனர். பதினோராம் நூற்றாண்டின் நடுவில் தேயிலை பற்றி நூல் எழுதிய அதிகாரி சாய் சியாங் தரும் விவரப்படி, எவருடைய கிண்ணத்தில் நுரை விலகி நீரின் தடம் முதலில் தெரிந்ததோ அவரே தோற்றவர். நுரை நெடுநேரம் நின்றவர் வென்றவர். வெண்மையே உயர்ந்த நிறமாகக் கருதப்பட்டதால், அது எடுப்பாகத் தெரியும்படி முயல் உரோமம் போன்ற கோடுகள் ஓடிய கருங்கிண்ணங்கள் விரும்பப்பட்டன. அவற்றின் தடித்த சுவர் சூட்டையும் காத்தது. 1107ஆம் ஆண்டளவில் பேரரசர் ஹுய்சோங் தாமே ஒரு தேயிலை நூல் இயற்றி, நீரை ஏழு தவணைகளாக ஊற்றி, ஒவ்வொரு தவணையிலும் மூங்கில் மத்தின் வேகத்தை மாற்றி நுரையை எவ்வாறு வளர்ப்பது என்று விளக்கினார். ஆட்சி புரியும் மன்னர் ஒருவர் ஒரு கிண்ணத் தேநீரின் மீது இத்தனை நுட்பமான கவனம் செலுத்தியது வியப்புக்குரியது. அந்நூல் தேயிலையின் சுவையையும் மணத்தையும் பேசாமல் இல்லை. எனினும் போட்டியில் வெற்றியைத் தீர்மானித்தது கண்ணுக்குப் புலப்பட்ட நுரையே.

1191இல் சீனாவிலிருந்து திரும்பிய பௌத்தத் துறவி எய்சாய், பொடித்தேநீரை ஜப்பானில் மருந்தாகப் பரப்பினார். 1214இல் மதுமயக்கத்தின் பின்விளைவால் வாடிய ஷோகுன் சனெத்தோமோவுக்கு அவர் தேநீரும் அதன் பெருமை கூறும் நூலும் அளித்ததாகக் காமகுரா ஆட்சியின் வரலாற்றுப் பதிவு சொல்கிறது. அவர் எழுதிய செய்முறையில் சாறு பிழியும் கட்டம் இல்லாததால், துவர்ப்பு உட்பட இலையின் சுவை முழுவதும் கிண்ணத்துக்குள் வந்தது. அவர் வழியாக விதை பெற்ற மியோஎ என்னும் துறவி கியோத்தோவை அடுத்த தொகனோ மலையில் தேயிலை வளர்த்தார் என்பது மரபு. அம்மலையின் விளைச்சல் ‘உண்மைத் தேயிலை’ என்ற பொருளில் ‘ஹொன்ச்சா’ எனவும், பிற இடங்களின் விளைச்சல் ‘ஹிச்சா’ எனவும் வழங்கின.

பதினான்காம் நூற்றாண்டில் தழைத்த ‘தோச்சா’ எனும் தேநீர்ப் போட்டி இந்த வேறுபாட்டின் மீதே எழுந்தது. நன்கு அறியப்பட்ட முறையில், மூன்று தேயிலைகளை முன்னதாகச் சுவைக்கக் கொடுத்துவிட்டு, பின்னர் அவை ஒவ்வொன்றையும் மும்முறையும், எவரும் முன்பு சுவைத்திராத நான்காம் தேயிலையை ஒருமுறையும் வரிசை மாற்றிப் பரிமாறுவர். பத்துக் கிண்ணங்களில் எது எதுவென நாவை மட்டுமே நம்பிச் சொல்லவேண்டும். பரிசாகப் பட்டும் வாளும் நறுமணப் பொருளும் குவிந்தன. 1336இல் அஷிகாகா ஆட்சி வெளியிட்ட கென்மு விதிகள், தேநீர்க் கூட்டங்களின் பெயரால் பெருந்தொகை பந்தயம் வைக்கப்படுவதைக் கண்டித்தன. அந்தக் கண்டனத்துக்கு நியாயம் இருந்தாலும், விளைந்த மண்ணை நாவால் அறியும் பழக்கம் சமூகத்தின் மேல்தட்டில் வேரூன்ற இப்போட்டிகளே வழிவகுத்தன என்பதை மறுக்க இயலாது.

அவ்வாறு கூர்மையடைந்த நாவுக்கு உரிய தேயிலையைத் தந்தது உஜி. ஷோகுன்களின் ஆதரவோடு பதினைந்தாம் நூற்றாண்டில் தொகனோவைப் பின்தள்ளிய இவ்வூரில், தேயிலைச் செடிகளின் மேல் நாணலும் வைக்கோலும் கொண்டு பந்தலிடும் வழக்கம் ஏற்பட்டது. போர்த்துகீசியப் பாதிரியார் ஜோவாவோ ரொட்ரீகஸ் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய நூலில் இதை விவரித்து, பனியிலிருந்து தளிரைக் காப்பதே நோக்கம் என்கிறார். பந்தலின் பெரும்பயன் வேறொன்று. வேரில் உருவாகி இலைக்கு ஏறும் தியானின் என்னும் அமினோ அமிலம், வெயில் பட்டால் துவர்ப்பைத் தரும் கேட்டகின்களாக மாறும். நிழலில் அம்மாற்றம் குறைவதால் இனிமையும் உமாமி எனப்படும் நிறைசுவையும் இலையில் தங்குகின்றன. தியானின் 1949இல்தான் பிரித்தறியப்பட்டது. உஜி உழவர்கள் அதன் பயனை அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சுவையால் கண்டுகொண்டிருந்தனர்.

முராத்தா ஜுகோ, தக்கேனோ ஜோஓ, சென் நோ ரிக்யூ (1522–1591) ஆகிய தேநீர் ஆசான்கள் வழியாகப் பந்தயம் விலகிச் சடங்கு உருப்பெற்றபோது, அதன் மையமாக அமைந்தது ‘கொய்ச்சா’ என்னும் கெட்டித் தேநீர். ஒருவருக்குச் சுமார் 4 கிராம் பொடியைச் சிறிதளவு நீரில் பிசைவதுபோலக் குழைத்து உருவாக்கும் இதில் நுரைக்கே இடமில்லை. சோங் நடுவர் ஒருவர் இதைக் கண்டிருந்தால் தோற்ற கிண்ணம் என்றே ஒதுக்கியிருப்பார். ஏறத்தாழ அதில் பாதிப் பொடியைக் கொண்டு மத்தால் அடிக்கும் ‘உசுச்சா’ என்னும் இளந்தேநீரில்கூட, உராசெங்கே என்னும் தேநீர்ப்பள்ளி மரபினர் மேற்பரப்பு முழுவதும் நுரை எழுப்ப, ஒமொத்தெசெங்கே பள்ளி மரபினர் ஒரு பகுதியை நுரையின்றி விடுகின்றனர். சீனாவிலோ 1391இல் மிங் பேரரசர் ஹொங்வு வில்லைத் தேயிலைத் திறையை நிறுத்தி இலைத்தேயிலை கேட்டதன் பின், பொடித்தேநீர் மெல்ல வழக்கொழிந்தது.

கொய்ச்சாவை அருந்திய தலைமை விருந்தினர், அத்தேயிலையின் பெயரையும் அதைப் பதப்படுத்தி அடைத்த வணிக இல்லத்தையும் விருந்தளிப்பவரிடம் முறைப்படி கேட்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. குன்மா மாவட்டத்தின் நாகனோஜோவைச் சேர்ந்த ஷிராகுபோ சிற்றூரிலோ, ஊரார் ஆண்டுதோறும் பிப்ரவரி 24 இரவில் கூடி, பல கலவைத் தேநீர்களைக் குடித்து எது எதுவென ஊகிக்கின்றனர்.