நடந்து அறியும் வரலாறு

வரலாறு என்றவுடன் மாணவர் நெஞ்சில் தோன்றுவன பானிப்பட்டுப் போர்க்களமும் தில்லி அரியணையுமே. தாம் பிறந்த ஊருக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதனை அறிய நடக்கும் கால்களும், கேட்கும் செவியும், கேட்டதை மறவாது போற்றும் மனமும் வேண்டும். இம்மூன்றையும் துணைக்கொண்டு, 2019 நவம்பர் 26-ஆம் நாள் தனி மாவட்டமாகத் தொடங்கப்பெற்ற கள்ளக்குறிச்சிப் பகுதியைச் சற்றே சுற்றி வருவோம்.

தென்பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவலூர், மலையமான் திருமுடிக்காரியின் ஊர். ஆற்றினுள் நிற்கும் பாறையொன்றைக் கபிலர் குன்று என்று ஊரார் காட்டுவர். வள்ளல் பாரி மறைந்தபின், அவன் மகளின் வாழ்வுக்கு வழிசெய்துவிட்டுக் கபிலர் உயிர்நீத்த இடம் அது என்பர். இஃது ஊரார் வாய்ச்சொல் மட்டுமன்று. அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு, கபிலர் தீப்புகுந்த செய்தியைக் கூறுகிறது. நட்பின்பொருட்டு உயிர்விட்ட புலவரைப் பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும் மறவாது கல்லில் பொறித்தனர் நம் முன்னோர். நினைவு போற்றல் என்பது இதுவன்றோ!

திருக்கோவலூரை அடுத்த பகுதியில் ஜம்பை என்னும் சிற்றூர் உள்ளது. அசோக மன்னர் தம் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோரோடு சத்தியபுத்திரர் என்பாரையும் குறித்துள்ளார். அச்சத்தியபுத்திரர் யாவர் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வழக்காடினர். 1981-இல் ஜம்பைக் குன்றின் குகையில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டொன்று கண்டறியப்பட்டது. அதியமான் நெடுமான் அஞ்சி வழங்கிய உறைவிடம் அக்குகை என்று கூறும் அவ்வெழுத்துகள், அவனைச் சத்தியபுத்திரன் என்றும் குறிக்கின்றன. இந்திய வரலாற்றின் பழைய வினாவொன்றுக்குச் சிற்றூர்ப் பாறை விடை தந்தது. எத்தனையோ தலைமுறையினர் அவ்வழியே நடந்திருப்பர். படிக்க வல்லார் நின்று நோக்கியபோதே அக்கல் வாய்திறந்தது.

அங்கிருந்து தெற்கே வந்து, சேலம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையை அடைந்தால், தியாகதுருகத்து மலைக்கோட்டை தென்படும். 1760-இல் ஆங்கிலேயரால் நெருக்குண்ட பிரெஞ்சுத் தளபதி லாலி, மைசூர் ஐதர் அலியின் படைத்துணையை நாடி இக்கோட்டையை அவருக்கு அளித்தார். ஆயினும் 1761 சனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. ஐரோப்பிய வல்லரசுகளின் பகை இக்குன்றின் படிகள் வரையில் ஏறி வந்ததை, அப்படிகளில் ஏறி நிற்பவரே நன்கு உணர்வர்.

இதுகாறும் கல்லும் கோட்டையும் நமக்குச் சான்று பகர்ந்தன. கள்ளக்குறிச்சியைக் கடந்து, கச்சிராயபாளையத்தருகே கோமுகி அணையை நோக்கிவிட்டு, கல்வராயன் மலையேறி வெள்ளிமலையை அடைந்தோமாயின், நம் பணி வேறாகிறது. அங்கு வாழ்வோர் மலையாளிகள் எனப் பெறுவர். அவர்கள் கேரள நாட்டவரல்லர். தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர் என்பது அவர்தம் வழிவழிக் கதை.

இம்மலை சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தாரர்களின் ஆளுகையில் நெடுங்காலம் இருந்தது. சமவெளியில் ஜமீன்தாரி முறையை ஒழிக்க 1948-இலேயே சென்னை மாகாணத்தில் சட்டம் பிறந்தது. மலையிலோ ஜாகீர் ஆட்சி 1976-இல்தான் முடிவுற்றது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே அம்மக்கள் அரசின் நேரடி ஆட்சியின்கீழ் வந்தனர். அந்த முப்பது ஆண்டுகளில் அவர்கள் எங்ஙனம் வாழ்ந்தனர்? உழுத நிலத்திற்கு யாருக்கு என்ன செலுத்தினர்? வழக்கு நேர்ந்தால் எவரிடம் முறையிட்டனர்? விடுதலைச் செய்தி மலைக்கு எப்பொழுது எட்டியது?

இவற்றின் விடை முதியோர் நெஞ்சில் இருக்கிறது. 1976-இல் இருபது வயதினராயிருந்தோர் இன்று எழுபதை எட்டிவிட்டனர். ஜம்பைக் கல் ஈராயிரம் ஆண்டுகள் காத்திருந்தது. மனித நினைவு அங்ஙனம் காத்திராது. ஒரு முதியவர் மறையும்போது, படிக்கப்படாத கல்வெட்டொன்று சிதைந்து போகிறது.

ஆதலின் மாணவர்களே, விடுமுறையில் குழுவாகச் செல்லுங்கள். பெரியோர் முன் பணிவோடு அமர்ந்து, அவர்தம் இசைவு பெற்று, சொல்வதைச் சொன்னவாறே எழுதுங்கள். சொன்னவர் பெயரும் ஊரும் நாளும் குறியுங்கள். கதையைக் கதையென்றும், கண்டதைக் கண்டதென்றும் பிரித்து வையுங்கள்; ஆவணம் கிடைப்பின் ஒப்பு நோக்குங்கள். ஆண்டுதோறும் மாவட்டம் பிறந்த நாளில் அவ்வேட்டை ஊர்ப் பொதுவிடத்தில் படித்துக் காட்டுங்கள். சொன்னவர்களே முன்வரிசையில் அமர்ந்து கேட்கட்டும்; பிழையிருப்பின் திருத்தட்டும்.

புலவருக்கும் மன்னருக்கும் கல்லெழுத்து வாய்த்தது. மலையில் ஏர் பிடித்தவருக்கு அது வாய்க்கவில்லை. அக்குறையைத் தீர்க்க உங்கள் கையிலுள்ள எழுதுகோலே போதும். காலம் மட்டுமே குறைவு.