ரிட்லி, ஜார்ஜ் (1835–1864)

வட இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரைச் சேர்ந்த நாட்டார் பாடகர். நியூகாசில் யுனைடெட் கால்பந்து அணியின் ரசிகர்கள் இன்றும் பாடும் ‘பிளேடன் ரேசஸ்’ பாட்டை எழுதியவர். எட்டு வயதிலேயே நிலக்கரிச் சுரங்க வேலைக்குப் போனார். பிறகு நேர்ந்த விபத்தொன்றில் படுகாயமடைந்து, உடலுழைப்பு முடியாமல்போய், பாட்டையே பிழைப்பாக்கிக்கொண்டார். டைன் ஆற்றங்கரைப் பேச்சுவழக்கில் கேலியும் கிண்டலுமாகப் பாடுவது அவர் பாணி.

1862 ஜூன் 5 அன்று, படகோட்டி ஹாரி கிளாஸ்பருக்காக நியூகாசிலின் பால்ம்ப்ரா அரங்கில் நடந்த நிகழ்ச்சியில் இப்பாட்டைப் பாடினார். பாட்டிலுள்ள தேதியோ ஜூன் 9, பிளேடன் ஊரில் குதிரைப் பந்தய நாள்! பந்தயம் பார்க்க ஸ்காட்ஸ்வுட் சாலை வழியாக நெரிசலாகப் புறப்பட்ட குதிரைவண்டியின் சக்கரம் கழன்று ஓடுகிறது. அடிபட்டவர்கள் மருந்தகத்துக்கும் மருத்துவமனைக்கும் போக, மற்றவர்கள் பயணத்தைத் தொடர்கிறார்கள். வெற்றி முழக்கம் எதுவும் இதில் இல்லை. ஊர்க்காரர்கள் தங்களையே பார்த்துச் சிரித்துக்கொள்ளும் பாட்டு என்பதால்தான், அணி தோற்ற நாளிலும் அது ரசிகர்களின் நாக்கில் நிற்கிறது போலும்.

ரிட்லி 29 வயதில் இறந்தார். நியூகாசில் யுனைடெட் என்ற பெயரே 1892இல்தான் வந்தது. தம் பாட்டு அந்த அணியின் அரங்கமான செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் ஒலிக்கும் என அவர் நினைத்திருக்க வழியில்லை. மலேசியாவின் சுல்தான் இப்ராகிம் அரங்கில் முரசடித்துப் பாடும் ஜொகூர் கால்பந்து ரசிகர்களுக்கு இந்தக் கூட்டுப்பாடல் மரபு புதிதல்ல. பந்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாத பாட்டு என்பதுதான் வியப்பாக இருக்கும். 1981 முதல் வழக்கமாக ஜூன் 9 அன்று, பாட்டில் வரும் அதே பாதையை ஒட்டி நியூகாசிலிலிருந்து பிளேடனுக்கு ஓட்டப்பந்தயமும் நடத்தப்பட்டு வருகிறது.