கொங்கு நாட்டில் அரங்கன் திருநாமம்

பெரியாழ்வார் திருமொழியில் நான்காம் பத்தின் ஆறாம் திருமொழி முழுவதும் பிள்ளைகளுக்குப் பெயரிடுதலைப் பற்றியது. காசுக்கும் ஆடைக்கும் ஆசைப்பட்டுச் செல்வர் பெயரைப் பிள்ளைக்கு இடுவாரை ஆழ்வார் இடித்துரைத்து, எம்பெருமான் திருநாமத்தை இடுமாறு பணிக்கிறார். அவ்வாறு இட்டால் பெற்ற தாய் நரகம் புகாள் என்பது அத்திருமொழியின் உயிர்நிலை. பிள்ளையை அழைக்குந்தோறும் திருநாமம் நாவிற் பயில்கிறது. கருதாது சொன்னாலும் பயன் தப்பாது. ஸ்ரீபாகவதம் ஆறாம் ஸ்கந்தத்து அஜாமிளன் வரலாறும் இதையே காட்டும். எனவே ஸம்ப்ரதாயத்தில் பெயர் வெறும் அடையாளம் அன்று, அழைக்கப்படுவதற்காகவே இடப்படுவது. இக்கொள்கை நடைமுறையில் எவ்வாறு வாழ்ந்தது என்பதற்குக் கொங்கு நாட்டில் வழங்கிய ரங்கசாமி என்னும் பெயர் தக்க சான்றாகும்.

அரங்கு என்பது தமிழில் ஆற்றிடைக்குறையையும் ஆடுகளத்தையும் குறிக்கும். காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த திருவரங்கத்துக்கு முதற்பொருள் நேரே பொருந்தும். வடமொழியில் ரங்கம் என்பதும் ஆடுகளமே. பகவான் ரதி, அதாவது உகப்பு, கொண்டு எழுந்தருளிய இடமாதலின் ரங்கம் என்று பெரியோர் நிர்வசனம் செய்வர். ரகரம் தமிழில் மொழிமுதலாகாது என்னும் இலக்கணத்துக்கு இணங்க, ஏட்டு வழக்கில் அரங்கன் என்றும் வீட்டு வழக்கில் ரங்கன் என்றும் இருவடிவும் நிலைத்தன.

நூற்றெட்டுத் திவ்யதேசங்களுள் ஒன்றும் கொங்கு நாட்டில் இல்லை. ஆழ்வார் மங்களாசாஸனம் பெற்ற தலமில்லாத நாட்டில் இப்பெயர் இத்துணை ஆழமாக வேரூன்றியது எண்ணத்தக்கது. குருபரம்பரை நூல்கள் இவ்விரு நாடுகளுக்கும் இருந்த தொடர்பைக் கொங்குப் பிராட்டியார் வரலாற்றால் உணர்த்துகின்றன. தம் நாட்டில் பஞ்சம் வந்தபோது திருவரங்கம் சென்று எம்பெருமானாரிடம் த்வயம் பெற்ற அவ்வம்மையாரே, பின்னர் அவர் மேல்நாட்டுக்கு எழுந்தருளுகையில் தம் இல்லத்தில் எதிர்கொண்டு அமுது செய்வித்தார்.

பெயர் பரவியதற்குப் பெருங்காரணம் கோயம்புத்தூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே உள்ள காரமடைத் திருக்கோயில். அங்கே மூலவர் அரவணையில் கிடந்தருளும் கோலத்தர் அல்லர், சுயம்பு மூர்த்தி. ஆயினும் திருநாமம் அரங்கநாதனே. மாசித் தேர்த் திருவிழாவில் தண்ணீர்ச் சேவையும் பந்தச் சேவையும் செய்யும் தாசர்கள் பல குலத்தவர். கோத்தகிரிக்குக் கிழக்கே உள்ள ரங்கசாமி மலையில் இருளர் அப்பெருமானுக்குப் பூசை செய்கின்றனர். காரமடையில் இருந்த ரங்கசாமி தேவியோடு ஊடி மலையேறித் தனியே வாழ்ந்தார் என்னும் கதையை 1908-இல் வெளிவந்த நீலகிரி மாவட்ட விவரச்சுவடி பதிவு செய்துள்ளது. அடிவாரத்து உழவர் ரங்கசாமி என்றும், மலைவாழ் இருளர் ரங்கன், ரங்கி என்றும், தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் ரங்கையா, ரங்கப்பா, ரங்கம்மா என்றும் ஒரே திருநாமத்தைத் தத்தம் வாய்க்கேற்ப வழங்கினர். கோவையில் 1926-இல் பி.எஸ்.ஜி. அறநிலையத்தை நிறுவிய உடன்பிறந்தார் நால்வருள் ஒருவர் ரங்கசாமி நாயுடு, தந்தையார் கோவிந்தசாமி, மற்றையோருள் இருவர் வேங்கடசாமி, நாராயணசாமி. அக்காலக் குடும்பங்கள் திருநாமங்களையே தலைமுறைதோறும் இட்டமைக்கு இவ்வொரு குடும்பமே சான்று. சாமி என்னும் மதிப்பு விகுதி மட்டும் எல்லார்க்கும் ஒருபடித்தாக வாய்க்கவில்லை. ஒடுக்கப்பட்டோர் பெயர் ரங்கன் என்ற அளவில் நிறுத்தப்பட்டதும் உண்டு. திருநாமம் பொதுவாக இருந்தும் மரியாதை பொதுவாக இல்லை என்பதை மறைத்தற்கில்லை.

பெயர் நிலைத்ததற்கு மற்றொரு காரணம் பாட்டன் பெயரைப் பெயரனுக்கு இடும் வழக்கம். பேரன் என்ற சொல்லே அதனைக் காட்டும். ஆனால் அவ்வழக்கமே ஆழ்வார் திருவுள்ளத்துக்கு ஓரிடத்தில் தடையாயிற்று. மாமனார் பெயரைச் சொல்லலாகாது என்னும் கட்டுப்பாட்டால், ரங்கசாமி என்று பெயரிட்ட மகனைத் தாய் அப்பெயரால் அழைக்க இயலவில்லை. சாமி என்றும் கண்ணு என்றும் அழைத்தாள். எந்தத் தாயின் நாவுக்காக ஆழ்வார் பாடினாரோ, அந்த நாவுக்கே திருநாமம் விலக்காயிற்று. பெயரின் பின்பாதியான சாமி மட்டுமே அவளுக்கு எஞ்சியது.

முந்திய தலைமுறைகளில் ஊர்தோறும் பலராக இருந்த ரங்கசாமிகள் இன்று பெரும்பாலும் முதியவர்களே. பாட்டன் பெயரிடும் வழக்கம் தளர்ந்தது. நட்சத்திர பாதத்துக்குரிய எழுத்தில் பெயர் தொடங்க வேண்டும் என்னும் நியதி இறுகியது. அதன்படி ரகரம் சித்திரை மூன்றாம் பாதம் போன்ற சிலவற்றுக்கே உரியது. எண்கணிதமும், ஓசைச் சுருக்கம் நாடும் புதுவிருப்பமும் உடன் சேர்ந்தன. காரமடைத் தேரை வடம் பிடிப்போர் குறையவில்லை. ஆகவே இதைப் பக்தியின் குறைவு என்றல் பொருந்தாது. பெயர் பழையதாகிவிட்டது என்னும் எண்ணமே காரணம். செல்வர் பெயரை நாடுவதை ஆழ்வார் கடிந்தார். காலத்தின் மோஸ்தரை நாடுவதும் அதன் மறுவடிவமே.

இழப்பு ஒரு சொல்லின் இழப்பு மட்டுமன்று. மலையும் சமவெளியும், மூன்று மொழிகளும், பல குலங்களும் ஒன்றாக அழைத்த பெயர்கள் கொங்கு நாட்டில் மிகச் சிலவே. இன்றைய தாய்க்கோ மாமனார் பெயர் விலக்கு பெரிதும் நீங்கிவிட்டது. வாய் திறந்து அழைக்கத் தடை நீங்கிய காலத்தில் அழைப்பதற்குரிய பெயர் அருகி வருகிறது. பஞ்ச ஸம்ஸ்காரத்தில் ஆசார்யன் இடும் தாஸ்ய நாமம் ஒருபுறம் இருக்க, வீட்டில் நாள்தோறும் அழைக்கும் பெயராகவேனும் அரங்கன் திருநாமத்தை இடுவது, ஆழ்வார் சொன்ன எளிய உபாயத்தை மீட்பதாகும்.