சித்தப்பா இல்லாத தேசம்: காரைக்கால் வட்டாரமும் ஜப்பானிய முனைவர் படிப்பும்

1954 நவம்பர் 1 அன்று காரைக்காலின் நிர்வாகம் பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவிடம் வந்தது. அதே ஆண்டில் ஜப்பானிய அரசு வெளிநாட்டு மாணவருக்கான உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. இரண்டாவது செய்தி காரைக்காலை ஒட்டிய தலத்தெருவில் யார் காதிலும் விழுந்திருக்காது. இங்கே மேற்படிப்பு என்றால் புதுச்சேரி, அதற்கும் மேலே பிரான்ஸ். 1956இல் கையெழுத்தான இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தம் 1962இல் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த குடும்பங்களுக்கு அந்த வழி உறவுமுறையோடு சேர்ந்தே வந்தது. சித்தப்பா பாரிசில் இருந்தால் அவர் வீட்டில் தங்கிப் படிக்கலாம். ஜப்பானில் அப்படியொரு சித்தப்பா இல்லை. அங்கே வழி திறப்பவர் ஒரு பேராசிரியர். ஊர்க்காரர்கள் இந்த வழிக்குத் தாமதமாக வந்ததற்கு மொழியைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் கருத்து.

இந்தியர் ஜப்பானுக்குப் படிக்கப் போனது புதிதல்ல. 1904இல் கல்கத்தாவில் தோன்றிய அறிவியல் தொழிற்கல்விச் சங்கம் இளைஞர்களை அனுப்பியது. அவர்கள் கற்றவை பீங்கான், சோப்பு போன்ற கைத்தொழில்கள். 1928இல் திருவனந்தபுரத்து ஏ.எம். நாயர் பொறியியல் படிக்கக் கியோத்தோ சென்றார். 1944இல் சுபாஷ் சந்திர போஸ் அனுப்பிய சுமார் 45 இளைஞர்கள் டோக்கியோவில் ராணுவப் பயிற்சி பெற்றார்கள். இவை எவையும் ஆய்வுப் பட்டத்துக்கான பயணங்கள் அல்ல.

ஆய்வுத் தொடர்பு காவிரி டெல்டாவுக்கு நெல்வழியே வந்தது. 1953இல் இந்திய அரசு ஜப்பானிய முறை நெல் சாகுபடியை நாடெங்கும் பரப்பத் தொடங்கியபோது காரைக்கால் இன்னும் வேற்று நாடு. அதற்கு முன்பே, 1950 முதல், கட்டாக்கிலுள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஜப்பானிய ரகங்களையும் இந்திய ரகங்களையும் ஒட்டுச் சேர்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த முயற்சியின் வழியில் நோரின் 10, ஜி.ஈ.பி. 24 ஆகியவற்றின் சேர்க்கையாகப் பிறந்ததுதான் ஆடுதுறை 27. 1960களின் நடுவில் தஞ்சைக் குறுவையை மாற்றிய, சுமார் 105 நாளில் அறுவடைக்கு வரும் ரகம் அது. ஜப்பானியப் பல்கலைக்கழகத்தின் பெயர் இப்பகுதிக்குத் தெரிவதற்கு முன்பே ஜப்பானிய நெல்லின் மரபு வயலுக்கு வந்துவிட்டது.

எதிர்த்திசையிலும் ஆள் வந்தார். ஜப்பானிய வரலாற்றாய்வாளர் நொபொரு கராஷிமா 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் பயின்றார். எ. சுப்பராயலு, தோரு மட்சுயி இருவருடனும் சேர்ந்து அவர் உருவாக்கிய சோழர் கல்வெட்டுப் பெயரடைவு 1978இல் வெளிவந்தது. 

அதே 1978இல் ஜப்பானின் 'ரோன்பாக்கு' என்ற முனைவர் பட்டத் திட்டம் தொடங்கியது. ஆசிய ஆய்வாளர் தம் ஊர் வேலையை விடாமல், ஆண்டில் சில வாரம் ஜப்பான் சென்று, ஆய்வேட்டைச் சமர்ப்பித்தே முனைவராகலாம். குடும்பத்தை விட்டுப் போக முடியாத விரிவுரையாளருக்கு இதைவிட ஏற்ற ஏற்பாடு குறைவு. அதன் பின் ஜப்பானின் கொள்கை எண்ணிக்கையை நோக்கித் திரும்பியது. 1983இல் ஒரு லட்சம் வெளிநாட்டு மாணவர் என்று பிரதமர் நகசோனேயின் அரசு வைத்த இலக்கு 2003இல் எட்டப்பட்டது. 2008இல் அறிவித்த மூன்று லட்சம் 2019இல். கூட்டத்தில் மிகப் பெரிய பங்கு சீனருடையது. 2023இல் அவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்ட, இந்தியர் ஏறத்தாழ 1,500 பேர்.

காரைக்காலில் 1987இல் வேளாண் கல்லூரியும் 2010இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமும் வந்த பிறகே, உறவினர் தயவின்றி வெளிநாட்டு ஆய்வை எண்ணிப்பார்க்கும் தளம் உள்ளூரில் அமைந்தது. ஜப்பானிய அரசு உதவித்தொகைக்கு இன்று இரண்டு வாயில்கள்: தூதரகப் பரிந்துரை, பல்கலைக்கழகப் பரிந்துரை. முனைவர் நிலையில் மாதம் 1,45,000 யென், கல்விக் கட்டணம் இல்லை. தூதரக வழியில் போகிறவர் பலர் முதலில் ஆராய்ச்சி மாணவராக இருந்து, பிறகு நுழைவுத் தேர்வு எழுதி, மூன்றாண்டுப் படிப்பில் சேர்கிறார்கள். எந்த வாயிலானாலும் ஆய்வுக்கூடத்தில் இடம் தருவதாகப் பேராசிரியர் ஒப்பாமல் காரியம் நடக்காது.

ஜப்பானில் சொந்த நாட்டவர் முனைவர் படிப்பில் சேர்வது 2003க்குப் பிறகு சரிந்தது. வெளிநாட்டவருக்கு ஆய்வுக்கூடங்களில் இடம் கிடைத்ததில் இதற்கும் பங்கு உண்டு. அந்தச் சரிவை ஈடுகட்ட 2021இல் தொடங்கிய ஆய்வு மாணவர் நிதியுதவியில் வெளிநாட்டவரும் பயன்பெற்றனர். ஆனால் அதன் வாழ்க்கைச் செலவுத் தொகையை 2027ஆம் நிதியாண்டு முதல் ஜப்பானியருக்கு மட்டுமே தருவதென 2025இல் முடிவாகியிருக்கிறது. அரசு உதவித்தொகை கிடைக்காமல் அந்த நிதியை நம்பிப் போக நினைப்பவர்கள் இனி அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த உதவித்தொகையையோ பேராசிரியரின் ஆய்வுத் திட்ட நிதியையோ தேட வேண்டியிருக்கும்.