கேள்விகளைக் காத்த குறிப்பேடு



பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் பையில் நோட்டுப் புத்தகங்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் அவற்றைப் புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப் போட்டதுதான் இருக்கும். அவை அந்நாளையத் தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தைப் போன்றவை. காலைப் பிரட்டில் பெயர் பதிந்த அந்தப் புத்தகம், இன்னார் இன்ன நாளில் வேலைக்கு வந்தார் என்று சொல்லும். பால் மரத்தைக் காயப்படுத்தாமல் வெட்ட அவர் எப்படிப் பழகினார் என்பதைச் சொல்லாது.

மாணவன் தான் கற்றதைத் தானே எண்ணிப் பார்த்து எழுதும் குறிப்பேடு வேறு வகையானது. விளங்கியது எது, விளங்காதது எது, அடுத்துத் தேட வேண்டியது எது என்பதை அது சொல்லும். அத்தகைய குறிப்பேடு ஓர் ஏழை இளைஞனை எங்கே கொண்டு சேர்த்தது என்பதை இன்று வரலாற்றில் காண்போம்.

மைக்கேல் பாரடே 1791ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். எழுத்தும் வாசிப்பும் சிறிது கணக்குமே அவர் பெற்ற பள்ளிக் கல்வி. 1805ஆம் ஆண்டு, பதினான்கு வயதில், லண்டனில் புத்தகம் கட்டும் கடை ஒன்றில் ஏழாண்டுத் தொழில் பழகச் சேர்ந்தார். கட்டுவதற்காக வந்த புத்தகங்களை அவர் படிக்கவும் செய்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரை அவரைக் கவர்ந்தது. ஜேன் மார்செட் அம்மையார் எழுதிய வேதியியல் உரையாடல் நூல் அவருக்கு மற்றோர் ஆசிரியராயிற்று. படித்ததையும் கேட்டதையும் குறித்து வைக்க வேண்டும் என்ற அறிவுரையை ஐசக் வாட்ஸ் என்பவரின் நூலிலிருந்து பெற்று, அதைக் கடைப்பிடித்தார். தமக்கு நினைவாற்றல் குறைவு என்று அவர் பலமுறை வருந்தியதுண்டு. அந்தக் குறையே அவரை எழுத வைத்தது எனலாம்.

1810, 1811ஆம் ஆண்டுகளில் ஜான் டேட்டம் என்பவர் மாலை நேரங்களில் அறிவியல் சொற்பொழிவு நடத்தினார். கட்டணம் ஒரு ஷில்லிங். தம்பிக்காக அண்ணன் ராபர்ட் அந்தப் பணத்தைக் கொடுத்தார். கொல்லுப்பட்டறையில் உழைத்த அண்ணனின் காசு அது. கேட்டவற்றை வீணாக்காமல், பாரடே படங்களுடன் எழுதி நான்கு தொகுதிகளாகத் தம் கையாலேயே கட்டி வைத்தார்.

1812ஆம் ஆண்டு, கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவரின் உதவியால், புகழ்பெற்ற வேதியியல் அறிஞர் ஹம்பிரி டேவியின் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்கும் வாய்ப்புக் கிட்டியது. அங்கே சுருக்கமாகக் குறித்துக்கொண்டவற்றை வீட்டிற்கு வந்து விரித்து எழுதினார். அந்த ஆண்டின் இறுதியில் அக்குறிப்புகளை டேவிக்கே அனுப்பினார். சில வாரங்களில் அங்கே ஆய்வகத்தில் ஓர் இடம் காலியாயிற்று. 1813 மார்ச் முதல் நாள் பாரடே உதவியாளராக நியமனம் பெற்றார். பட்டமோ செல்வமோ அவருக்குப் பரிந்து பேசவில்லை, குறிப்பேடு பேசியது.

இத்துடன் கதை முடிந்திருந்தால், அழகாகக் குறிப்பெடுத்தால் வேலை கிடைக்கும் என்ற அளவில்தான் நமக்குப் பாடம் கிடைத்திருக்கும். ஆனால் பெரிய பாடம் இனிமேல்தான் வருகிறது. பிறர் சொன்னதை எழுதப் பழகிய பாரடே, தமக்குத் தெரியாததை எழுதவும் பழகினார். 1822ஆம் ஆண்டு, ஆராய வேண்டிய கேள்விகளுக்கென்றே ஒரு குறிப்பேடு தொடங்கினார். காந்தத்தை மின்சாரமாக மாற்ற வேண்டும் என்பது அதில் அவர் எழுதிய குறிக்கோள்களுள் ஒன்று. அதற்கு விடை அன்று எவரிடமும் இல்லை. இடையில் பலமுறை முயன்றார், பலிக்கவில்லை. ஒன்பது ஆண்டுகள் அந்தக் கேள்வி ஏட்டில் காத்திருந்தது.

1831 ஆகஸ்டு 29. ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் கம்பிச் சுருள்களைச் சுற்றினார். ஒன்றில் மின்சாரத்தைச் செலுத்தினார். மற்றதன் அருகிலிருந்த காந்த ஊசி சற்றே அசைந்து, மீண்டும் ஓய்ந்து நின்றது. மின்சாரத்தை நிறுத்தியபோதும் அப்படியே ஒரு கணம் அசைந்தது. தொடர்ந்து பாயும் மின்னோட்டத்தை எதிர்பார்ப்பவர் அந்தக் கண நேர அசைவைத் தள்ளிவிட்டிருக்கக்கூடும். பாரடே கண்டதைக் கண்டபடி எழுதினார். மின்தூண்டல் என்னும் அந்தத் தத்துவத்தின்மீதுதான் இன்றைய மின்னாக்கிகளும் மின்மாற்றிகளும் இயங்குகின்றன. 1832 முதல் ஆய்வுக் குறிப்புகளுக்கு வரிசை எண் இடத் தொடங்கினார். அந்த எண் 16,041 வரை சென்றது.

வெற்றியை மட்டும் அவர் எழுதவில்லை. 1862ஆம் ஆண்டு மார்ச்சில், காந்தத்தால் ஒளியின் நிறமாலை மாறுமா என்று சோதித்தார். மாற்றம் எதுவும் தெரியவில்லை. அதையும் எழுதி வைத்தார். பலிக்காத அம்முயற்சியைப் பற்றிப் படித்த டச்சு அறிஞர் பீட்டர் சீமன், மேலும் சிறந்த கருவிகளுடன் 1896இல் அதே கேள்வியை எடுத்துக்கொண்டு, அந்த மாற்றத்தைக் கண்டுபிடித்தார். 1902இல் நோபல் பரிசில் பங்கும் பெற்றார். ஒருவர் எழுதி வைத்த தோல்வி, மற்றொருவருக்கு வழி காட்டியது.

நம் கும்பகோணத்து மேதை இராமானுசனின் ஏடுகளையும் இங்கே நினைக்க வேண்டும். காகிதம் விலை மிகுந்ததால் அவர் கற்பலகையில் கணக்கைப் போட்டு, முடிவை மட்டும் ஏட்டில் எழுதினார். வழி பலகையோடு அழிந்தது. மூன்று ஏடுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் உள்ளன. 1920இல் அவர் மறைந்த பின் அவற்றை விளக்க அறிஞர்கள் பல்லாண்டு உழைக்க வேண்டியதாயிற்று. புரூஸ் பெர்ன்ட் என்னும் கணித அறிஞர் எழுதிய ஐந்து விளக்கத் தொகுதிகள் 1985 முதல் 1998 வரை வெளிவந்தன. இராமானுசன் அளவுக்கு மேதைமை இல்லாத நாம், விடையை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வோம்? வழியையும் எழுதத்தான் வேண்டும்.

இது நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மிகவும் தேவையானது. தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும்போது பாடமொழி மாறுகிறது. பெரிய வகுப்பில் கையை உயர்த்திக் கேட்கப் பல பிள்ளைகள் கூசுகிறார்கள். கேட்காத கேள்வி மணி அடிப்பதற்குள் மறந்துபோகிறது. நாளடைவில், நமக்குப் படிப்பு ஏறாது என்ற எண்ணமே மனத்தில் தங்கிவிடுகிறது. அந்தக் கேள்வி மறைந்துபோகாமல் இருக்க ஓர் இடம் வேண்டும். ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும்.

மாணவர்களே, இரவில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். தேதியிடுங்கள். இன்று கற்றதைப் புத்தகத்தைப் பாராமல் உங்கள் சொந்தத் தமிழில் நாலு வரி எழுதுங்கள். எழுத வராத இடம்தான் விளங்காத இடம். அதைக் கேள்வியாக்கி, கீழே சிறிது இடம் விடுங்கள். மறுநாள் ஆசிரியரிடமோ அண்ணன் அக்காளிடமோ கேளுங்கள். விடை கிடைத்த நாளையும் சேர்த்து எழுதுங்கள். கணக்குத் தவறினால் கிழித்தெறியாதீர்கள். எந்தப் படியில் தவறியது என்று பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.

பெற்றோர்களே, அந்த ஏட்டில் அடித்தலும் திருத்தலும் கண்டால் கடிந்துகொள்ளாதீர்கள். ஆசிரியர்களே, அதற்குச் சிவப்பு மையால் புள்ளி போட வேண்டாம். புள்ளி போட்டால் பிள்ளை நமக்காக எழுதத் தொடங்கிவிடும். விளங்காததை அச்சமின்றி எழுதும் பிள்ளைக்கு, விளங்கிக்கொள்ளும் நாளும் வரும். பாரடேயின் கேள்விக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. நம் பிள்ளைகளின் கேள்விகளுக்கு அத்தனைக் காலம் ஆகாது.