தஞ்சைக் கல்வெட்டைப் படம்பிடித்த கேப்டன்



தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தை நம் பிள்ளைகள் பாடநூலில் பார்த்திருப்பர். அதன் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டு வரிகளைப் பார்த்தவர் மிகக் குறைவு. தானும் தமக்கை குந்தவையும் தேவியரும் பிறரும் கோயிலுக்கு அளித்த கொடைகளைக் கல்லில் வெட்டுமாறு இராசராச சோழன் ஆணையிட்டதை அவ்வரிகள் கூறுகின்றன.

அவற்றை 1858-இல் முழுமையான வரிசையாகப் படம்பிடித்தவர் லின்னேயஸ் டிரைப். இவர் கல்வெட்டு அறிஞர் அல்லர். சென்னைப் படையின் கேப்டன், சென்னை அரசின் நிழற்படக் கலைஞர். மெழுகூட்டிய தாளில் வெள்ளி உப்பைப் பூசி, அதனையே படச்சுருளுக்கு ஈடாகப் பயன்படுத்திய காலம் அது. கருவியைச் சுவரோரமாகச் சிறிது சிறிதாக நகர்த்தி எடுத்த 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். அழகுக்காக எடுத்த படமன்று அது. எழுத்து விடுபடக்கூடாது என்பதற்காக எடுத்தது. (கோயில் காட்சிகளில் மட்டும், வெறுமையாகத் தெரிந்த வானத்தில் தூரிகையால் மேகம் தீட்டியிருக்கிறார்! பழைய படங்களை மாணவர்க்குக் காட்டும்போது இதையும் சொல்லலாம்.) மதுரையிலும் திருவரங்கத்திலும் தூண்களையும் சிற்பங்களையும் அவர் இவ்வாறே பதிவு செய்தார்.

1859-இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் திரெவெல்யன் இதனை ஆடம்பரச் செலவெனக் கருதி நிறுத்தினார். சிக்கனம் பார்க்க வேண்டிய இடமா அது? அக்கல்வெட்டுகளை ஊல்ட்சு என்னும் செர்மானிய அறிஞர் படித்து நூலாக வெளியிடத் தொடங்கியது 1891-இல்தான். படித்தவருக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே படமெடுத்தவர் வந்துவிட்டார்.

தஞ்சையில் இருப்பது கருங்கல். நம் கோலாலம்பூர், கிள்ளான் கோயில்களின் கோபுரங்களில் இருப்பவையோ பெரும்பாலும் சுதைச் சிற்பங்கள். குடமுழுக்குத் திருப்பணி வரும்போதெல்லாம் அவை புதுவண்ணம் பெறுகின்றன. சில வேளைகளில் முகமே மாறிவிடுகிறது. 1873-இல் தோன்றிய கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலின் இன்றைய இராசகோபுரம் 1970-களின் தொடக்கத்தில் நிறைவுற்றது. அதற்கு முந்திய தோற்றம் எவருடைய திருமணப் படத்தின் பின்னணியிலாவது இருக்கக்கூடும். பிரிக்பீல்ட்ஸ் வீடுகளில் பாட்டிமார் வைத்திருக்கும் பழைய ஆல்பங்களை அருள்கூர்ந்து ஒருமுறை புரட்டிப் பாருங்கள். முகங்களுக்குப் பின்னால் தெரிவதையும் பாருங்கள். படத்தின் பின்புறம் ஆண்டைப் பென்சிலால் குறித்து வையுங்கள்.