குழப்படி எண்டு யாரைச் சொல்லுறம்?

எங்கட பள்ளிக்கூடங்களில ஒரு பிள்ளையைப் பின்வாங்குக்கு அனுப்ப ஒரு சொல் போதும்: குழப்படி. காது சரியாகக் கேட்காத பிள்ளை சொன்னதைச் செய்யாட்டிலும், கரும்பலகை மங்கலாகத் தெரியிற பிள்ளை பக்கத்துக் கொப்பியை எட்டிப் பார்த்தாலும் அதே பேர்தான். இந்தப் பிள்ளைகள் எங்க படிக்கிறது எண்ட கேள்விக்கு இலங்கையில் நூறு வருசத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கு. அதை வவுனியா–மன்னார் வீதியில் இருக்கிற பூவரசங்குளத்தில் நின்று பார்ப்பம்.

முதல் பதில் தனிப் பள்ளிக்கூடம். கேளாத, பார்வையற்ற பிள்ளைகளுக்காக 1912இல் மிஷனரி மேரி சப்மன் தொடங்கிய பள்ளி பிறகு இரத்மலானையில் நிலைத்தது. 1956இல் கைதடியில் நவீல்ட் பாடசாலை வந்தது. இவை இல்லாவிட்டால் பல பிள்ளைகள் எழுத்தே கண்டிருக்க மாட்டார்கள். ஆனால் பூவரசங்குளத்துப் பிள்ளைக்கு இரண்டும் வீட்டைப் பிரிந்து விடுதியில் தங்கவேண்டிய தூரம். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டு, அது மூடிக்கிடந்த காலத்தில் கைதடிக்குத் தரைவழியே போகவும் வழி இருக்கவில்லை.

இரண்டாவது பதில் ஊர்ப் பள்ளிக்கூடம். 1960களின் இறுதியிலேயே இப்பிள்ளைகளைச் சாதாரண பாடசாலைகளில் சேர்க்கும் முயற்சி தொடங்கியது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழப்பைக் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு செய்வதைத் தடுத்தது. 1998இல் 5 முதல் 14 வயது வரை கல்வி கட்டாயமானது. அனுமதி கிடைத்தது. உள்ளே வந்த பிள்ளைக்கு எப்படிப் படிப்பிக்கிறது எண்டதை ஆசிரியரிடமே விட்டாச்சு. பல பாடசாலைகளில் அது 'விசேட கல்வி அலகு' எண்ட ஒரு தனி அறையோட நிண்டுபோச்சு.

பிறகு 2009. இதே பக்கத்துச் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 வரை இருந்தது. ஷெல்லில் கை, கால், செவிப்புலன் இழந்த பிள்ளைகளும், சத்தம் கேட்டாலே பதறி எழும்பிய பிள்ளைகளும் வகுப்புக்கு வந்தார்கள். அந்தப் பதற்றம் கோபமாக, அடிபிடியாக வெளியில வரும்போது அதுக்கும் பேர் குழப்படி. 2005இலேயே கல்வி அமைச்சின் சுற்றறிக்கை பிரம்பைத் தடைசெய்திருந்தது. பிரம்புக்குப் பதிலாக என்ன செய்யிறது எண்டு பழக்கிவிட ஆள் வேணும், நேரம் வேணும்.

நாங்கள் கேட்பது பெரிய விசயமில்லை. ஒரு பிள்ளைக்குக் குழப்படி எண்டு பேர் வைக்க முதல் காதையும் கண்ணையும் சோதியுங்கோ. வீட்டில என்ன நடந்தது எண்டு விசாரியுங்கோ. முன்வாங்கில இருத்துங்கோ. அந்த வகுப்பு ரீச்சருக்கு உதவியாக இன்னொரு ஆளைக் குடுங்கோ. சட்டம் வந்து முப்பது வருசமாகுது.